தேன் எடுப்பவர் புறங்கையை நக்கலாமா?

புளிய மரத்தை ஏலம் விடுகிறார்கள்.

தர்மபுரி ஜில்லாவில் இது புதிய காட்சி அல்ல. சாலை ஓரத்தில் வரிசையாகப் புளிய மரங்கள் நிற்கின்றன. காய் பழுக்கும் காலம் வந்ததும் மகசூலை ஏலத்தில் விடுவார்கள். அதிகத் தொகை கேட்பவருக்கு மரம் போகும். அந்தப் பணம் ஊர்ப் பணம். தெரு விளக்கு எரிவதும், குடிதண்ணீர்க் குழாய் ஓடுவதும் இப்படிச் சேரும் பணத்தில்தான்.

இப்போது ஒரு சங்கதியைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஏல வேலையைக் கவனிப்பவர் ஒரு குமாஸ்தா. ஏலம் கேட்க வருகிறவரோ அவருடைய மச்சான். தேதி முன்கூட்டியே மச்சானுக்குத் தெரிந்துவிடுகிறது. ஊருக்குத் தெரியவில்லை. தண்டோரா ஒரு தெருவோடு நின்றுவிடுகிறது. ஏலத்துக்கு மூன்றே பேர் வருகிறார்கள். மூவரும் வேண்டியவர்கள். மரம் அடிமாட்டு விலைக்குப் போகிறது.

இதில் யாராவது லஞ்சம் வாங்கினார்களா? இல்லை! கணக்கில் பொய் உண்டா? அதுவும் இல்லை. ரசீது சரி, கையெழுத்து சரி, முத்திரை சரி. ஆனால் ஊருக்கு நஷ்டம்!

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்று ஒரு பழமொழி சொல்லி நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். சட்டம் அப்படிச் சிரிப்பதில்லை. "தேன் எடுக்கும் வேலைக்கு வந்தவர் புறங்கையை நக்கக்கூடாது. நாக்கு ஊறுகிறது என்று தோன்றினால், மரத்தைவிட்டு இறங்கி, வேறு ஒருவரை ஏறச் சொல்ல வேண்டும்" என்கிறது சட்டம்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது? இன்று அது நமக்கு எப்படிப் பயன்படும்? பார்ப்போம்.

லஞ்சம் வேறு, இது வேறு

லஞ்சம் என்றால் எல்லோருக்கும் தெரியும். வேலை ஆக வேண்டும் என்று ஒருவர் கொடுப்பார், மற்றவர் வாங்குவார்.

இன்னொரு நோய் உண்டு. படித்தவர்கள் அதை 'நலன் முரண்பாடு' என்பார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் எளிது. தராசு பிடிப்பவரும் அவர், சரக்கும் அவருடையது. அவ்வளவுதான்.

அப்படி இருப்பவர் நல்லவராக இருக்கலாம். முள்ளை நேராகவே நிறுத்தலாம். ஆனால் எதிரே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? "என் சரக்கைச் சரியாக நிறுத்தாரா?" என்ற சந்தேகம் அவரைவிட்டுப் போகாது. உத்தியோகத்தில் அந்தச் சந்தேகமே ஒரு நஷ்டம். ஆபீசு வாசலுக்கு வரும் ஏழைக்கு நம்பிக்கை போய்விட்டால், அவர் மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே வரமாட்டார். தரகரைத் தேடிப் போவார்.

அதனால்தான் உலகம் முழுவதும் இதற்குத் தனி விதிகள் உண்டு. இங்கிலாந்தில் 1972-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. நகர சபை ஊழியர் ஒருவருக்கு ஒரு காண்டிராக்டில் பண நலன் இருப்பது தெரிந்தால், உடனே அவர் அதை எழுத்து மூலம் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்! பணம் கைமாறியதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

தர்மபுரிக்கு வந்த பட்டாளத்துக்காரர்

இந்தக் கதையில் நம் தர்மபுரிக்கு ஒரு தனி இடம் உண்டு.

1792-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆயிற்று. திப்பு சுல்தான் வசம் இருந்த 'பாராமகால்' சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அந்தச் சீமையைச் சேர்ந்தவை. நிர்வாகம் செய்ய காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ.

மன்றோ தர்மபுரியில் தங்கி வேலை பார்த்தார். இங்கே ஒரு தோட்டமும் போட்டார். அந்தத் தோட்டத்தைப் பற்றித் தம் வீட்டாருக்கு ஆசையோடு கடிதம் எழுதினார். 1799 வரை ஏழு ஆண்டுகள் இந்தச் சீமையில் குதிரை ஏறி ஊர் ஊராகச் சுற்றினார். பிற்காலத்தில் சென்னை கவர்னர் ஆனார். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

வரி வசூலுக்குப் பட்டாளத்துக்காரர் எதற்கு? காரணம் உண்டு. கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர் பலருக்கு ஊர் பாஷை தெரியாது. மேலும், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சொந்த வியாபாரம் செய்தே பழகியவர்கள். சம்பளம் சொற்பம். வியாபார லாபமோ கொள்ளை கொள்ளையாக! வரி வசூலிக்கும் அதிகாரம் ஒரு கையில். துணியும் தானியமும் வாங்கி விற்கும் வியாபாரம் மறு கையில். விலை எப்படி நியாயமாக இருக்கும்? வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர் வியாபாரம் செய்யக்கூடாது என்று 1773-ம் ஆண்டே இங்கிலாந்துப் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. சட்டம் வந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

மன்றோ இதை நேரில் கண்டவர். அவர் வற்புறுத்திய கருத்து ஒன்று இன்றும் யோசிக்கத் தக்கது. "பெரிய அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, சிறிய சம்பளத்தைக் கொடுத்தால், நேர்மையை எதிர்பார்க்க முடியாது" என்பதே அதன் சாரம். வெள்ளைக்கார உத்தியோகஸ்தருக்கு மட்டும் அல்ல, இந்திய உத்தியோகஸ்தருக்கும் இது பொருந்தும் என்றார்.

பிற்காலத்தில் பக்கத்து ஜில்லாவான கோயமுத்தூரில் ஒரு பெரிய புகார் கிளம்பிற்று. கலெக்டர் கச்சேரியில் கஜானாவைக் கவனித்த ஒருவர், தம் பதவியின் பலத்தில் சொந்த வியாபாரத்தைப் பெருக்கிக்கொண்டார் என்பது புகார். கலெக்டரின் நம்பிக்கை அவருக்கு இருந்ததால், குடியானவர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள். அந்த விவகாரத்தை விசாரித்தவர்களில் ஒருவர் இதே மன்றோ. இன்னொருவர், பின்னால் உதகமண்டலத்தை உண்டாக்கிய சல்லிவன் துரை.

கர்ணமும் மணியக்காரரும்

ரீடும் மன்றோவும் இங்கே உருவாக்கிய முறைக்கு 'ரயத்துவாரி' என்று பெயர். நடுவிலே ஜமீன்தார் கிடையாது. நிலத்தை அளந்து, பயிர் செய்பவரிடமே நேராக வரி வாங்குவது. 'பட்டா' என்ற சொல் நம் வீடுகளில் இவ்வளவு பெருமையோடு புழங்குவதற்கு இந்த முறையும் ஒரு காரணம்.

ஆனால் ஒவ்வொரு வயலுக்கும் கணக்கு எழுத ஊரிலேயே ஒருவர் வேண்டும் அல்லவா? அவர்தான் கர்ணம். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். வரி வசூல் செய்பவர் மணியக்காரர், அதாவது கிராம முன்சீப்.

யார் நிலத்தில் என்ன பயிர்? யார் எவ்வளவு பாக்கி? எந்த வரப்பு யாருடையது? எல்லாம் கர்ணத்தின் அடங்கல் நோட்டில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்கு அந்த நோட்டு ஒரு மந்திரப் புத்தகம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்க முடியாது, பார்த்தாலும் புரியாது.

இங்கேதான் சிக்கல்! கர்ணம் வெளியூர்க்காரர் அல்ல. அதே ஊரில் அவருக்கும் நிலம் உண்டு. அண்ணன் தம்பிக்கு நிலம் உண்டு. சம்பந்திக்கு நிலம் உண்டு. தம் வயலுக்குத் தாமே கணக்கு எழுத வேண்டும். தம் பங்காளியின் வழக்குக்குத் தாமே சாட்சிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அப்பா கர்ணம் என்றால் பிள்ளையும் கர்ணம். பரம்பரை உத்தியோகம்! 1895-ம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் ஒன்றே இதற்கு இருந்தது.

எல்லாக் கர்ணமும் கெட்டவர் என்று சொன்னால் அது அநியாயம். ஊரின் மூலை முடுக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த மனிதர்கள் அவர்கள். நள்ளிரவில் வெள்ளம் வந்தாலும் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. சம்பளமோ மிகக் குறைவு. பகுதி நேர உத்தியோகம் என்றே அதற்குப் பெயர்.

ஆனால் முறை தவறு. நல்லவர் இருக்கும்வரை நல்லபடி நடக்கும். அவர் மகன் வேறு மாதிரி இருந்தால்? ஊர் என்ன செய்ய முடியும்? மாற்றல் கிடையாது. வேறு ஆள் கிடையாது. நிலம் உள்ளவரை அந்தக் குடும்பத்தின் தயவு வேண்டும்.

ஒரே நாளில் போன பதவிகள்

1960 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. ஆந்திராவிலிருந்து போன வழக்கு அது. "கிராம உத்தியோகமும் அரசாங்க உத்தியோகமே. பரம்பரை என்ற காரணத்தைக் காட்டி அதை ஒருவருக்குக் கொடுப்பது, எல்லோருக்கும் சம வாய்ப்பு என்ற அரசியல் சட்டத்துக்கு விரோதம்" என்று கோர்ட்டு கூறிற்று.

தமிழ்நாட்டில் 1973-ம் ஆண்டு நிர்வாகச் சீர்திருத்தக் குழு ஒரு யோசனை சொன்னது. பகுதி நேர கிராம அதிகாரிகளை நீக்கி, முழு நேர ஊழியர்களை நியமிக்க வேண்டும்; அவர்கள் மாற்றலுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது அந்த யோசனை.

1980 நவம்பர் மாதம் அது நடந்தேவிட்டது! எம்.ஜி.ஆர். முதல் மந்திரியாக இருந்த காலம். ஓர் அவசரச் சட்டம் வந்தது. நவம்பர் 14-ந் தேதி முதல் பகுதி நேர கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிந்தன. மாநிலம் முழுவதும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பதவிகள். நேற்றுவரை நோட்டும் முத்திரையும் வைத்திருந்தவர்கள் அவற்றை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பல குடும்பங்களில் அடுப்பு அணையும் நிலை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு "சட்டம் செல்லும்" என்று தீர்ப்பளித்தது.

அவர்கள் இடத்துக்கு வந்தவர்தான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர். பரம்பரை இல்லை. தேர்வாணையம் நடத்தும் பரீட்சையில் தேறி வருகிறார். ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்கு மாற்றப்படுகிறார். பட்டா, சிட்டா விவரங்களை இன்று கணினியில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். மந்திரப் புத்தகம் திறந்துவிட்டது!

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பரீட்சை எழுதி வந்தவருக்கும் மச்சான் உண்டு. அவருக்கும் ஆசை உண்டு. பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டுப் பிடிபட்டார் என்ற செய்தி பத்திரிகையில் வராத மாதம் இல்லை. ஆனால் ஒன்று மாறிவிட்டது. இன்று அவரைத் தட்டிக் கேட்கலாம், மாற்றலாம், நீக்கலாம். அன்று அது எளிதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏலக் கதைக்கு இப்போது வருவோம். அதற்கு நேரான சட்டம் 1860-ம் ஆண்டிலேயே இருக்கிறது!

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169-வது பிரிவு அது. ஒரு சொத்தை வாங்கவோ, ஏலம் கேட்கவோ கூடாது என்று ஒரு பொது ஊழியருக்குச் சட்டப்படி தடை இருந்தால், அவர் அதை வாங்கினாலும் குற்றம்; ஏலம் கேட்டாலும் குற்றம். தம் பெயரில் கேட்டாலும் குற்றம். பிறர் பெயரில் கேட்டாலும் குற்றம். கூட்டாகவோ பங்காகவோ கேட்டாலும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கிவிட்டிருந்தால் சொத்து பறிமுதல்!

168-வது பிரிவு வியாபாரத்தைப் பற்றியது. வியாபாரம் செய்யக்கூடாது என்று சட்டப்படி தடை உள்ள ஊழியர் அதைச் செய்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய நியாய சன்ஹிதா' வந்திருக்கிறது. அதில் இவை 202, 203 என்ற எண்களில் தொடர்கின்றன. எண்தான் மாறியது, நியாயம் மாறவில்லை.

லஞ்ச ஒழிப்பு வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் நிலைத்திருக்கிறது. அவர் கே. சந்தானம். 1962-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1964-ல் அறிக்கை வந்தது. அதன் பலனாகத்தான் மத்திய கண்காணிப்புக் கமிஷன் பிறந்தது. அதே 1964-ல் தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை ஏற்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய நடத்தை விதிகளும் அதே ஆண்டில் வந்தன.

அந்த விதிகளில் ஒன்று நம் கதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு கம்பெனியிலோ ஒரு நபரிடமோ தம் குடும்பத்தார் வேலை பார்த்தால், அல்லது தமக்கு அதில் நலன் இருந்தால், அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட காண்டிராக்டை ஊழியர் கையாளவே கூடாது. மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும்!

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. பரிசு வாங்குவது, சொந்தத் தொழில் செய்வது, வட்டிக்குப் பணம் கொடுப்பது, நிலம் வீடு வாங்குவது - எல்லாவற்றுக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. சொத்து வாங்கினால் மறைக்கக்கூடாது, தெரிவிக்க வேண்டும்.

ஊழியருக்கு மட்டும்தானா? ஓட்டு வாங்கி வந்தவருக்கு இல்லையா? உண்டு. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்திலோ வேலையிலோ நலன் உள்ளவர் அதன் உறுப்பினராக இருக்கத் தகுதி இழக்கிறார். பொது வேலைகளுக்கு டெண்டர் எப்படி விட வேண்டும் என்பதற்கும் 1998-ம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது.

குமாஸ்தாவின் சங்கடம்

"சட்டம் பேசுவது எளிது. ஊரிலே வாழ்ந்து பாருங்கள்!" என்று ஓர் ஊராட்சிச் செயலர் நம்மைக் கேட்கலாம். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ உள்ள ஒரு கிராமத்தை எண்ணிப் பாருங்கள். ஊர் முழுக்க உறவு. இந்தத் தெருவில் பெண் எடுத்திருப்பார். அந்தத் தெருவில் பெண் கொடுத்திருப்பார். மனு கொண்டு வருகிறவர் எல்லோரும் மாமன், மச்சான், பங்காளி.

மனைவியின் அண்ணன் ஒருவர் தெருக் காண்டிராக்ட் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பிக்கிறார்.

"மாப்பிள்ளே, அந்தப் பில்லு உங்க மேசையிலேதான் இருக்குதாமே. கொஞ்சம் பார்த்து விடுங்க."

"மச்சான், உங்க பில்லை நான் பார்த்தா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும்தான் கெட்ட பேரு. பி.டி.ஓ.கிட்ட எழுதிக் கொடுத்திட்டேன். வேற ஆளு பார்ப்பாரு."

"ஏன், எங்க வேலையிலே குத்தமா?"

"குத்தம் இல்லேங்கிறதாலதான் சொல்றேன். வேற ஆளு பார்த்துச் சரின்னு சொன்னா, ஊரிலே ஒருத்தரும் பேச முடியாது."

இந்தப் பதில் சொல்லத் தைரியம் வேண்டும். வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் கவனியுங்கள்: அவர் உறவை அறுக்கவில்லை. வேலையைத் தடுக்கவில்லை. பில்லில் கையெழுத்துப் போடும் பொறுப்பை மட்டும் கைமாற்றினார். விதி கேட்பதும் அவ்வளவுதான். முதலில் சொல்லிவிடு, பிறகு விலகி நில், இரண்டையும் எழுத்தில் வை. எழுத்தில் வைத்த காகிதம் அந்த ஊழியருக்கே கவசம். நாளை விசாரணை வந்தால் அந்த ஒரு காகிதம் அவர் உத்தியோகத்தைக் காப்பாற்றும்.

கலியாண மொய் விஷயமும் இப்படித்தான். சொந்தக்காரர் மொய் எழுதுவது நம் வழக்கம். அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று அளவெடுத்த வேலைக்கு நாளை பில் கேட்கப்போகும் காண்டிராக்டர், இன்று மொய் எழுத வந்தால்? அவர் பணமுடிப்பில் இருப்பது அன்பா, அச்சாரமா? அலுவல் தொடர்பு உள்ளவரிடம் கை நீட்டாமல் இருப்பதே நல்லது.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?

நலன் முரண்பாடு என்பது பணத்தில் மட்டும் வருவதல்ல. புகார் ஒரு துறையின் மேலேயே வந்தால், அந்தத் துறையே அதை விசாரிக்கலாமா? தர்மபுரி ஜில்லா இந்தக் கேள்விக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

அரூர்ப் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். ஆடு மாடுகளையும் விடவில்லை. மக்களை அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்.

அந்த மக்கள் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? புகார் வாங்க வேண்டிய போலீசும், நிவாரணம் கொடுக்க வேண்டிய வருவாய்த் துறையும் புகாருக்கு ஆளான தரப்பு! "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று மறுத்தார்கள்.

1995-ம் ஆண்டு ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரணைக்கு வந்தது. வெளியிலிருந்து ஒரு கை வந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். எல்லோரும் அரசு ஊழியர்கள்! வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செசன்சு கோர்ட்டு, உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29-ந் தேதி, சென்னை ஐகோர்ட்டு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம் கொடுக்கவும் உத்தரவிட்டது.

முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள்! இளம் பெண்கள் நடுத்தர வயதை எட்டிவிட்டார்கள். முதல் நாளே, சம்பந்தம் இல்லாத ஒருவர் கையில் விசாரணை போயிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா? "தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது" என்பது ஏட்டில் இருக்கும் வாசகம் அல்ல. வாச்சாத்தி மக்கள் உயிரையும் மானத்தையும் கொடுத்துக் கற்ற பாடம்.

வேலை வேறு, தணிக்கை வேறு

இந்தப் பாடம் பிற்காலச் சட்டங்களிலும் ஏறியது. 2005-ம் ஆண்டு 'நூறு நாள் வேலை' என்று நாம் சொன்ன வேலை உறுதிச் சட்டம் வந்தபோது, வேலையில் காண்டிராக்டரே கூடாது என்று விதித்தார்கள். ஊர் மக்கள் முன்னிலையில் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்றார்கள். 2011-ம் ஆண்டு வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. தணிக்கை செய்யும் அமைப்பு, வேலையை நடத்தும் அமைப்பிலிருந்து தனித்து நிற்க வேண்டும் என்றன. சமைத்தவரே ருசி பார்த்து "பிரமாதம்" என்று சொன்னால் போதுமா? சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

இது உத்தியோகஸ்தர் சமாசாரம், நமக்கு என்ன என்று இருந்துவிடலாகாது.

முதலாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் தமிழ்நாட்டில் கிராம சபை நாட்கள். வரவு செலவைக் கேட்கலாம். "இந்த வேலையை எடுத்தவர் யார்? பில்லைப் பார்த்தவர் யார்? இருவருக்கும் உறவு உண்டா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லலாம். பெண்கள் கூட்டமாகப் போய்க் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்!

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். 2005-ம் ஆண்டு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுக் கொடுக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். புளிய மரம் என்ன தொகைக்குப் போனது, எத்தனை பேர் கேட்டார்கள், ஏல அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது என்று எல்லாமே கேட்கலாம்.

மூன்றாவது, லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் கேட்டால் அவர்களிடம் சொல்லலாம். ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைக் கரைசலில் கழுவினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். கை பொய் சொல்லாது!

ஒன்றை மறக்க வேண்டாம். 2018-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. "கொடுத்தாயிற்று, போகட்டும்" என்று சும்மா இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நான்காவது, நம்மைப் பற்றியது. "நம்ம ஆளு ஆபீசிலே இருக்காரு, சீக்கிரம் முடிச்சிடுவாரு" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் விதவைத் தாயாருக்கு அங்கே 'நம்ம ஆளு' இல்லை. உறவைக் காட்டி நாம் ஒரு படி முன்னால் போனால், அவர் ஒரு படி பின்னால் போகிறார். நாம் கேட்காமல் இருந்தாலே பாதி நோய் தீரும்.

நல்ல உத்தியோகஸ்தர் நம் ஜில்லாவில் ஏராளம் பேர் உண்டு. அவர்களுக்குச் சட்டம் ஒரு விலங்கு அல்ல; ஊன்றுகோல். "என்னால் முடியாது, விதி இடம் கொடுக்காது" என்று உறவுக்காரரிடம் அவர்கள் சொல்லும்போது, அந்தப் பதிலைக் கேட்டு நாம் கோபிக்காமல் இருப்போம். அது அவர்களுக்கு நாம் செய்யும் பேருதவி.